அவசரத்துக்கு மாத்திரை: டப்பாவில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்காரி. அரசாங்க கிளினிக்கில் மருந்து கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது பேருக்குத்தான். கோயிலுக்குப் போனாலும் சரி, பாசாரில் மீன் வாங்க நின்றாலும் சரி, "பார்மசி அக்கா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று யாராவது ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டிவிடுவார்கள். இனிப்புநீர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நாலு பேர் நடுவில் காட்டுகிறவர்கள், ஒரே ஒரு மாத்திரையை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். சிறுநீரை அடக்க முடியாமல் போவதற்கான மாத்திரை அது.

டாக்டர் அதை 'ஓவர் எக்டிவ் பிளாடர்' என்பார். பை நிறைவதற்கு முன்பே சிறுநீர்ப்பையின் தசை தன்னிஷ்டத்துக்குச் சுருங்குகிறது. வந்துவிட்டது என்றால் அந்த நொடியே ஓட வேண்டும். பகலில் எட்டுத் தடவைக்கு மேல் போக வேண்டியிருக்கும், இரவில் தூக்கம் கெடும், சிலருக்குக் கதவைத் திறப்பதற்குள் கசிந்தும்விடும். ஈப்போ பஸ்ஸில் ஏறப் பயந்து சொந்தக்காரர் கல்யாணத்துக்கே போகாதவர்களை எனக்குத் தெரியும். வயசானால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் டாக்டரிடம் வாயே திறக்க மாட்டார்கள்.

எந்த மருந்து சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, அது டாக்டர் வேலை. கைக்கு வந்த டப்பாவை எப்படிப் படிப்பது, அதில் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம், எதை உடைக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. அடிக்கடி சிறுநீர் போவதெல்லாம் இந்தக் கோளாறு இல்லை. நம் ஆட்களுக்கு இனிப்புநீர் அதிகம். சர்க்கரை ஏறினாலே சிறுநீர் கூடும். எம்பாக்லிஃப்லோசின், டாபாக்லிஃப்லோசின் மாதிரி சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியே தள்ளுகின்றன, அதனாலும் கூடும். ஃபுருசிமைட் என்ற 'தண்ணி மாத்திரை'யைப் படுக்கப்போகும் நேரத்தில் போட்டுக்கொண்டு, ராத்திரியெல்லாம் எழுந்திருக்கிறேனே என்று புலம்புகிறவர்கள் உண்டு. அந்த மாத்திரையின் நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும். எரிச்சல், காய்ச்சல் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். சிறுநீரில் ரத்தம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பியையும் பார்த்தாக வேண்டும். இதையெல்லாம் தள்ளி வைத்த பிறகுதான் மாத்திரைப் பேச்சு.

பெயர், எண், வால்

டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும், அதை விடுங்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். பக்கத்தில் ஓர் எண், மில்லிகிராம் கணக்கில். அதற்குப் பிறகு ஒரு வால்: இ.ஆர்., எக்ஸ்.எல்., எல்.ஏ., எஸ்.ஆர்., பி.ஆர். என்று இரண்டு எழுத்து. அந்த வாலைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இந்த மருந்துகளில் பாதி விஷயம் அந்த வாலில்தான் இருக்கிறது.

முதலில் எண்ணைப் பார்ப்போம். ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஓர் அம்மா சொலிஃபெனாசின் 5 சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய நாத்தனாருக்கு மிராபெக்ரான் 50. "அவளுக்குப் பத்து மடங்கு பெரிய மருந்து கொடுத்திருக்காங்க, எனக்கு மட்டும் ஏன் சின்னது?" என்று கோபம். இரண்டும் வேறு வேறு மருந்து. உடம்பில் வேலை செய்யும் வழியே வேறு. சொலிஃபெனாசினில் 5 தொடக்க அளவு, 10 உச்ச அளவு. மிராபெக்ரானில் 25-ம் 50-ம். அந்த அம்மாவுடைய 5-ம் நாத்தனாருடைய 50-ம் அந்தந்த மருந்துக்குச் சரியான அளவுகள்தான்.

ஒரே மருந்துக்குள்ளேயே எண் ஏமாற்றும். ஆக்ஸிபியூட்டினின் தோலில் ஒட்டும் பட்டையாகவும் வருகிறது. ஒரு பட்டைக்குள் 36 மில்லிகிராம் மருந்து இருக்கும். ஆனால் அது ஒரு நாளைக்கு உடம்புக்குள் விடுவது 3.9 மில்லிகிராம்தான், அதனால் டப்பாவில் 3.9 என்றுதான் போட்டிருக்கும். அதே மருந்து தேய்க்கும் ஜெல்லாக வரும்போது ஒரு சிறு பாக்கெட்டில் 100 மில்லிகிராம். அதில் சிறு பங்குதான் தோலைத் தாண்டி உள்ளே போகிறது. மாத்திரையாக வந்தால் 5. மூன்று எண்ணையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். வடிவம் தெரியாமல் எண்ணை மட்டும் படித்தால் ஒன்றும் விளங்காது.

இப்போது வால். இரண்டு எழுத்து இருந்தால், அந்த மாத்திரை மருந்தை மெதுவாக விடுகிற மாதிரி செய்யப்பட்டது என்று அர்த்தம். ரப்பர் மரத்தின் வெட்டுவாயிலிருந்து மங்குக்குப் பால் சொட்டுகிற மாதிரி, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. வால் இல்லாத சாதா மாத்திரை மருந்தை மொத்தமாகக் கொட்டிவிடும், அதனால்தான் அவற்றில் பலவற்றை ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை சாப்பிட வேண்டியிருக்கிறது. வாய் வறட்சியும் அதில்தான் அதிகம். சில கம்பெனிகள் மெதுவாக விடும் மாத்திரைக்கு வாலே போடாமல் விட்டுவிடுகின்றன. அதனால் சந்தேகம் இருந்தால் கவுண்டரில் "இது மெதுவாக விடுகிறதா, உடனே விடுகிறதா?" என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவரை எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன்.

எந்தெந்த மருந்து, எந்தெந்த அளவு

இவை இரண்டு குடும்பம். பழைய குடும்பம், தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் செய்தியை மறிக்கும். புதிய குடும்பம், தசையைத் தளரச் சொல்லும்.

பழைய குடும்பத்தில் முதலில் ஆக்ஸிபியூட்டினின். சாதா மாத்திரை 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை. அதிகபட்சம் நாலு. வயதானவர்களுக்கு 2.5-ல் தொடங்குவார்கள். மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு 5 மில்லியில் 5 மில்லிகிராம் கொண்ட திரவமும் உண்டு. மெதுவாக விடும் வகை 5, 10, 15 என்று வரும். ஒரு நாளைக்கு ஒரே வேளை, வாரத்துக்கு 5 என்று ஏற்றிக்கொண்டு போய் 30 வரை போகலாம். இந்த மெதுவான வகையில் ஒரு வேடிக்கை உண்டு. மாத்திரையின் ஓட்டில் லேசர் வைத்து ஊசி முனையளவு ஓட்டை போட்டிருப்பார்கள். தண்ணீர் உள்ளே ஊறி, மருந்தை அந்த ஓட்டை வழியாகத் தள்ளும். மருந்தெல்லாம் போன பிறகு வெறும் ஓடு கரையாமல் மலத்தோடு முழு மாத்திரை போலவே வெளியே வரும். "முழுசா வந்திடுச்சு, இன்னொன்று போடட்டுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. போடாதீர்கள். மருந்து உள்ளே போய்விட்டது.

டோல்டெரோடின் சாதா மாத்திரையாக 1, 2 மில்லிகிராம், இரண்டு வேளை. மெதுவாக விடும் கேப்சூலாக 2, 4, ஒரு வேளை. சிறுநீரகம் அல்லது கல்லீரல் பலவீனமாக இருந்தால் சின்ன எண்தான். ஃபெசோடெரோடின் 4, 8. இது உடம்புக்குள் போனதும் டோல்டெரோடின் எதுவாக மாறி வேலை செய்கிறதோ அதே பொருளாகத்தான் மாறும். ஆகவே இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது ஒன்றையே இரண்டு தடவை சாப்பிடுவதாகும். டாரிஃபெனாசின் 7.5, 15.

சொலிஃபெனாசின் 5, 10, எப்போதும் ஒரு வேளை. சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கு 5-க்கு மேல் போகக் கூடாது. டயாலிசிஸ் வரை போனவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும், ஆகவே மாத்திரை வாங்கும்போது சிறுநீரக விஷயத்தைச் சொல்லாமல் விடாதீர்கள்.

ட்ரோஸ்பியம் 20 மில்லிகிராம், இரண்டு வேளை. வெறும் வயிற்றில், பசியாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். நாசி லெமாக்கோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஏறுவது மிகவும் குறைந்துவிடும். மெதுவாக விடும் வகை 60, ஒரு வேளை. இந்த மருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது, அதற்காகவே சில வயதானவர்களுக்கு இதைத் தேர்ந்தெடுப்பார்கள். புரோபிவெரின் 15 மில்லிகிராம் மாத்திரை, 30 மில்லிகிராம் மெதுவான கேப்சூல்.

புதிய குடும்பத்தில் மிராபெக்ரான் 25, 50. இரண்டுமே மெதுவாக விடுபவை. அமெரிக்க வழக்கத்தில் 25-ல் தொடங்கி 4 முதல் 8 வாரம் பார்த்து 50-க்கு ஏற்றுவார்கள். ஐரோப்பிய வழக்கத்தில் 50-லேயே தொடங்குவார்கள். உங்கள் டாக்டர் எதைப் பின்பற்றுகிறாரோ அதுவே சரி. வைபெக்ரான் அமெரிக்காவில் ஒரே அளவு, 75. அங்கே 2020 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஜப்பானில் அதற்கு முன்பே 2018-ல் 50 அளவில் வந்துவிட்டது. இந்த வைபெக்ரான் மாத்திரையைப் பொடித்து ஒரு கரண்டி ஆப்பிள் கூழில் கலந்து சாப்பிடலாம் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. அதை வைத்து மற்ற மாத்திரைகளையும் பொடித்துவிடாதீர்கள்.

உடைக்கிற பழக்கம்

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன். தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) காலத்திலிருந்து மாத்திரையைப் பாதியாக உடைப்பது நமக்குக் கைவந்த கலை. பெரிய அளவு மாத்திரை வாங்கி இரண்டாக உடைத்தால் காசு மிச்சம். தனியார் பார்மசியில் சொந்தக் காசு போட்டு வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், இந்த மருந்துகள் மலிவு இல்லை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் பார்மசியும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அந்த விலைப் பட்டியலைப் பார்த்து, ஒரே மருந்தில் மலிவான கம்பெனி இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் வெட்கமே வேண்டாம்.

ஆனால் மிராபெக்ரான் 50-ஐ இரண்டாக உடைத்தால் இரண்டு 25 கிடைக்காது. மெதுவாக விடும் ஏற்பாடு உடைந்து, மருந்து ஒரேயடியாக இறங்கும். காலையில் நெஞ்சு படபடக்கும், மாலையில் மருந்து இருக்காது. பழைய கத்தியால் உடைத்து, மிச்சப் பாதியை பஞ்சு வைத்த போத்தலில் போட்டு வைத்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஒரு பாதி பெரிசு, ஒரு பாதி சின்னது, ஓரமெல்லாம் தூள். அவருக்கு 25-க்கே சீட்டு மாற்றி எழுதி வாங்கித் தந்த பிறகுதான் சரியானது. மெதுவாக விடும் கேப்சூலைத் திறப்பதும் மென்று தின்பதும் இதே கதைதான். சொலிஃபெனாசின் சாதாவாக விடும் மாத்திரை என்றாலும் முழுதாகத்தான் விழுங்க வேண்டும், உடைத்தால் கசப்பு வாயை விட்டுப் போகாது.

அரசாங்கக் கவுண்டரில் ஒட்டித் தரும் மலாய்ச் சீட்டில் 'தெலான்' என்று இருந்தால் முழுதாக விழுங்குங்கள், 'ஜாங்ஙான் குன்யா' என்றால் மெல்லக் கூடாது. 'செபெலும் மாக்கான்' சாப்பாட்டுக்கு முன், 'செலெபாஸ் மாக்கான்' பின். படிக்கத் தெரியாதவர்களுக்கு டப்பா மேலே ஒரு சூரியனோ நிலாவோ வரைந்து கொடுப்பேன். வீட்டுப் பிள்ளைகள் செய்யலாமே.

விழுங்கவே முடியாதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூக்கில் குழாய் வைத்தவர்கள் இருக்கும் வீடு என்றால், தயவுசெய்து முதல் நாளே அதைச் சொல்லுங்கள். திரவமோ வேறு மருந்தோ பார்த்து எழுதுவார்கள்.

நிறம் மாறினால்

அரசாங்கத்தில் டெண்டர் மாறும்போது கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் டப்பாவும் மாறும். போன மாதம் மஞ்சள், இந்த மாதம் வெள்ளை. வீட்டில் மஞ்சள் மிச்சம் இருக்கும். "இது வேற மாத்திரை போல" என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள், சொலிஃபெனாசின் 5 அப்படியே 10 ஆகிவிடும். நாக்கு உலர்ந்து பேச முடியாமல், மூன்று நாளாக வெளிக்குப் போகாமல் வந்து நிற்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிப் பெயரையும் நம்பாதீர்கள். மருந்தின் சொந்தப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். புது டப்பா வந்ததும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டப்பாவில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் மின்னும் ஒட்டியும் இருக்க வேண்டும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் சிறுநீர்க் கோளாறு தீரும் என்று விற்கிற பொடியை நான் கையால் தொடமாட்டேன். அப்படி விற்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் நாட்டு அதிகாரிகளே பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

என்ன தொந்தரவு வரும்

பழைய குடும்பத்தில் வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல். எண் ஏற ஏற இவையும் ஏறும். வாய் வறட்சிக்கு ஆசாம்போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம்) வாயில் போட்டுக்கொள்வது நம் ஊர் வைத்தியம். அதில் உப்பு அதிகம், பிரஷர் இருந்தால் வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் நல்லது. இந்த மருந்துகள் வியர்வையையும் குறைக்கும். செம்பனைக் காட்டில் வெயிலில் குலை வெட்டுகிற ஆள் என்றால் உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் மயங்கி விழலாம், இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். கண்ணில் குறுகிய கோணக் கிளாக்கோமா (ஒருவகைக் கண் அழுத்த நோய்) இருப்பவர்களுக்கும், சிறுநீர் அடைத்து நிற்பவர்களுக்கும் இந்தக் குடும்பம் ஆகாது.

சளிக்கு வாங்கும் பிரிட்டான், ராத்திரி நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் இரண்டுமே இதே மாதிரி நரம்புச் செய்தியை மறிப்பவை. மூன்றும் சேர்ந்தால் வயதானவர் திடீரென்று ஆளைத் தெரியாமல் பேசுவார், நடக்கும்போது தடுமாறுவார். வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள், மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். இந்த வகை மருந்துகளை நீண்ட காலம் சாப்பிட்டவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டதாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. மருந்துதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் எழுபதைத் தாண்டியவருக்கு எந்தக் குடும்பம் என்று டாக்டரிடம் பேச அதுவே போதுமான காரணம்.

மிராபெக்ரானில் வறட்சி குறைவு, ஆனால் பிரஷர் ஏறலாம். மேல் எண் 180 அல்லது கீழ் எண் 110-ஐத் தொட்டு, கட்டுக்குள் வராதவர்களுக்கு அது கூடாது. மெட்டோப்ரோலோல், டிஜாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் கூடும், ஆகவே முழுப் பட்டியலையும் காட்டுங்கள்.

இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் பெரிய தொல்லை. இவை வலி மாத்திரை இல்லை. நாலு வாரமாவது வேண்டும், மிராபெக்ரான் 25-க்கு எட்டு வாரம் கூட ஆகும். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

பட்டை ஒட்டுவதாக இருந்தால் வயிறு, இடுப்பு, பிட்டம் ஆகிய இடங்களில் உலர்ந்த தோலில், வாரத்துக்கு இரண்டு தடவை. ஒட்டிய இடத்திலேயே ஏழு நாளைக்குள் திரும்ப ஒட்டக் கூடாது. மருந்து முதலில் கல்லீரலுக்குப் போகாததால் வாய் வறட்சி குறைவு, ஆனால் தோல் அரிக்கும். எங்கள் கவுண்டருக்கு இது வந்ததில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பி வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். எந்த மாத்திரையும் கேட்காதவர்களுக்கு நிபுணர்கள் சிறுநீர்ப்பைச் சுவரில் போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள், வழக்கமான அளவு 100 யூனிட். அது யூனிட் கணக்கு, மில்லிகிராமோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது

மூன்று நாளைக்கு ஒரு கணக்கு எழுதுங்கள். பழைய பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்றைக் கழிப்பறையில் வைத்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு, அவசரமா சாதாவா, கசிந்ததா என்று. தே தாரிக்கும் கோப்பியும் எத்தனை குவளை என்பதையும் அதிலேயே எழுதுங்கள், மறைக்காமல். மருந்து தொடங்கி நாலு வாரம் கழித்து இன்னொரு மூன்று நாள். அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் 5-ஐ 10 ஆக்கலாமா, இதுவே போதுமா, மருந்தையே மாற்றலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். "கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

தாளோடு வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், தாயத்துக் கடைப் பொடி உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்து மாற்றினால் பழைய மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்காமல், அதே பையோடு மருந்து கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்வார்கள்.